கூடி எழுதும் கலைக்களஞ்சியம்



தேர்த் திருவிழாவில் வடம் பிடித்து இழுக்கும் கூட்டத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். முன்னே நிற்பவர் யார், பின்னே நிற்பவர் யார் என்று தேர் கேட்பதில்லை. எல்லாரும் ஒரு திசையில் இழுத்தால் அது அசைகின்றது. ஆளுக்கொரு திசையில் இழுத்தால் நின்ற இடத்திலேயே நிற்கின்றது. அறிவுலகத்திலும் இவ்வாறு பலர் கூடி இழுக்கும் தேர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கின்றது. விக்கிப்பீடியா எனப்படும் இணையக் கலைக்களஞ்சியமே அது. அதன் பக்கங்களுள் மருத்துவக் கல்லூரிகளைப் பற்றிய கட்டுரைகளைத் தொண்டர்கள் எவ்வாறு ஒருங்குகூடித் திருத்துகின்றனர் என்பதும், அத்திருத்தத்தால் யாருக்கு என்ன நன்மை என்பதும் இன்றைய பேச்சின் பொருளாகும்.

கலைக்களஞ்சியம் ஆக்கும் முயற்சி தமிழுக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை அவர்கள் 1902ஆம் ஆண்டில் அபிதானகோசத்தை வெளியிட்டார். 1910ஆம் ஆண்டில் ஆ. சிங்காரவேலு முதலியார் அவர்களின் அபிதான சிந்தாமணி வெளிவந்தது. இவை இரண்டும் தனி மனிதரின் தவத்தால் விளைந்தவை. பின்னர், பெ. தூரன் அவர்களை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, அறிஞர் பலர் எழுதிய கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகச் சென்னையில் வெளியாயிற்று. விக்கிப்பீடியா இவ்வழியில் மேலும் ஓர் அடி எடுத்துவைத்தது. 2001ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் ஆங்கிலத்தில் தொடங்கிய அக்களஞ்சியத்தில், எழுதுவோர் அறிஞர் என்று பெயர் பெற்றவராக இருத்தல் வேண்டும் என்ற நியதி இல்லை. வாசிப்பவர் எவரும் எழுதலாம், எழுதியதைத் திருத்தலாம். தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டில் தோன்றியது. அதற்கு அடித்தளம் இட்டு, நெடுங்காலம் தனியொருவராகவே கட்டுரைகளைக் குவித்தவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன் அவர்கள். இன்று அது ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளைக் கொண்டு விளங்குகின்றது.

எவரும் எழுதலாம் என்றால், எதையும் எழுதலாம் என்று பொருளாகுமா? ஆகாது. அவ்வாறு ஆகாமற் காப்பது எது என்பதை மருத்துவக் கல்லூரிக் கட்டுரைகளைக் கொண்டு பார்ப்பது பொருத்தமாகும். ஏனெனில், பிழை நேர்ந்தால் அதன் விலை உயர்ந்ததாக இருக்கும் துறை அது.

ஒரு குடும்பத்தை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். மகள் உயர்தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு பெற்றிருக்கின்றாள். ஆயினும் உள்நாட்டு மருத்துவ பீடங்களுக்குச் செல்ல வேண்டிய புள்ளி சிறிது குறைந்துவிட்டது. கடல் கடந்த ஒரு நாட்டுக் கல்லூரியின் பெயரை முகவர் ஒருவர் சொல்கின்றார். பளபளக்கும் விளம்பரத் தாள் ஒன்றையும் கொடுத்துச் செல்கின்றார். தாயின் நகைகளும் தந்தையின் காணியும் ஈடு வைக்கப்பட வேண்டிய வேளை. அன்றிரவு அந்தப் பெண் கைத்தொலைபேசியில் அக்கல்லூரியின் பெயரைத் தேடுகின்றாள். முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் கலைக்களஞ்சியக் கட்டுரையே. அக்கட்டுரையில் ‘உலகத் தரம் வாய்ந்த’, ‘தலைசிறந்த’ என்ற சொற்கள் மட்டும் நிறைந்திருந்தால், விளம்பரத் தாளையே இரண்டாவது முறை வாசித்தவளாவாள். கல்லூரி எப்போது தொடங்கியது, பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம் எது, மாணவர் பயிலும் மருத்துவமனை எது, எந்தச் சபையின் ஏற்பு எந்த ஆண்டில் கிடைத்தது, அவ்வேற்பு இன்னும் நிலைக்கின்றதா என்பன தக்க சான்றுடன் எழுதப்பட்டிருந்தால், ஒரு குடும்பத்தின் காணி காக்கப்படவும் கூடும்.

மருத்துவக் கல்லூரியைப் பற்றி உள்ளதை உள்ளபடி எழுதுதல் எத்தகைய விளைவை உண்டாக்கும் என்பதற்கு வரலாற்றில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவில் ஏபிரகாம் பிளெக்சினர் என்பவர் 1910ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டார். அவர் மருத்துவரல்லர், பள்ளிக்கூடம் நடத்திய ஆசிரியர். கார்னெகி அறநிலையத்தின் வேண்டுகோளை ஏற்று, அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளை அவர் ஆராய்ந்தார். கைந்நூலில் இருந்த ஆய்வுகூடம் கட்டிடத்தில் இருக்கவில்லை. அச்சிட்ட விதிகளிலே கண்ட நுழைவுத் தகுதி நடைமுறையிலே காணப்படவில்லை. கண்டதை அவர் கல்லூரியின் பெயர் சொல்லியே எழுதினார். அதன்பின் பல கல்லூரிகள் மூடப்பட்டன, பல திருந்தின. ஆனால் அதே அறிக்கை கறுப்பின மாணவர்க்கென இருந்த ஏழு கல்லூரிகளுள் இரண்டை மட்டுமே பேணத் தகுந்தவையெனக் கூறியது. மற்றைய ஐந்தும் மூடப்பட்டன. அதனால் ஒரு சமுதாயம் மருத்துவரை இழந்தது. தனியொருவரின் கண்கள் எவ்வளவு கூர்மையாக இருப்பினும், அவர் காணாத ஒரு பக்கம் இருந்தே தீரும் என்பதையும் இவ்வரலாறு கற்பிக்கின்றது. பலருடைய கண்கள் ஒரே பக்கத்தின்மீது படுவதன் தேவை இங்கேதான் விளங்குகின்றது.

இனி, தொண்டர்கள் வேலை செய்யும் முறையைப் பார்ப்போம். விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் இரண்டு பக்கங்கள் உண்டு. ஒன்று வரலாற்றுப் பக்கம்: யார், எந்த நாளில், எந்தச் சொல்லை மாற்றினார் என்பதை அது அழியாமற் பதிந்து வைத்திருக்கும். மற்றையது உரையாடற் பக்கம்: கருத்து வேறுபட்டோர் காரணம் காட்டிப் பேசும் இடம் அது. களஞ்சியம் முழுவதற்கும் பொதுவான செய்திகளைப் பேசுவதற்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் உள்ள இடத்துக்கு ஆலமரத்தடி என்றே பெயரிட்டிருக்கின்றனர். ஊர்ப் பெரியோர் கூடிய இடத்தின் பெயரை, ஒருவரையொருவர் கண்டறியாத தொண்டர்கள் கூடும் இடத்துக்கு வைத்தமை மிகப் பொருத்தமே.

மருத்துவக் கல்லூரிக் கட்டுரையொன்றைத் திருத்த நால்வர் முன்வருகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். மொழிப்பிழை அவர் கண்ணுக்குத் தப்பாது. இன்னொருவர் தாதி, எந்த மருத்துவமனையில் எந்தப் பயிற்சி நடக்கின்றது என்பதை அறிந்து, அதற்குரிய ஆவணத்தைத் தேடவல்லவர். மூன்றாமவர் பல்கலைக்கழக மாணவன். பழைய செய்தித்தாள்களையும் அறிக்கைகளையும் இணையத்தில் தோண்டி எடுப்பான். நான்காமவர் வெளிநாட்டில் வாழும் எழுதுவினைஞர். இரவுக் கடமை முடிந்து வந்து, அட்டவணைகளை ஒழுங்கு செய்வார். இவர்கள் எவருக்கும் ஊதியம் இல்லை. கட்டுரையின் தலைப்பின்கீழ் எவருடைய பெயரும் அச்சாவதில்லை. ஆயினும் வேலை பகிர்ந்துகொள்ளப்படுகின்றது, முடிந்த பகுதி மற்றவர் பார்வைக்கு வைக்கப்படுகின்றது, குறை கண்டவர் சுட்டுகின்றார், சுட்டப்பட்டவர் திருத்துகின்றார்.

அவர்கள் கைக்கொள்ளும் விதிகள் அடிப்படையில் மூன்று. எழுதப்படும் செய்தி நம்பத்தகுந்த, வெளியிடப்பட்ட சான்றொன்றினால் உறுதிசெய்யத் தக்கதாயிருத்தல் வேண்டும். நடுநிலை பிறழாது எழுதுதல் வேண்டும். எழுதுவோர் தம் சொந்த ஆராய்ச்சி முடிவைப் புகுத்தலாகாது. சொல்வதற்கு எளிய விதிகள். கைக்கொள்ளும்போதுதான் இவற்றின் கடுமை விளங்கும்.

கொழும்பு மருத்துவ பீடத்தின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். 1870ஆம் ஆண்டு சூன் முதலாம் நாள், தேசாதிபதி சேர் ஹேர்க்குலிஸ் றொபின்சனின் ஆட்சிக் காலத்தில், கொழும்பு மருத்துவப் பள்ளி தொடங்கிற்று. மருத்துவர் ஜேம்ஸ் லூஸ் அதன் முதல் அதிபரானார். 1880ஆம் ஆண்டில் அது இலங்கை மருத்துவக் கல்லூரி எனப் பெயர் பெற்றது. 1942ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமாயிற்று. இப்பள்ளியைப் பற்றி ஒரு வாக்கியம் பல இடங்களிற் புழங்கி வருகின்றது. தெற்காசியாவில் மேனாட்டு மருத்துவம் கற்பித்த பள்ளிகளுள் காலத்தால் இரண்டாவது இதுவே என்பது அவ்வாக்கியம். கேட்பதற்கு இனிமையாக இருக்கின்றது. ஆனால் கல்கத்தா மருத்துவக் கல்லூரி 1835ஆம் ஆண்டு சனவரியிலும், சென்னை மருத்துவப் பள்ளி அடுத்த மாதத்திலும் தொடங்கின. பம்பாயில் கிராண்ட் மருத்துவக் கல்லூரி 1845ஆம் ஆண்டிலும், இலாகூரில் மருத்துவப் பள்ளி 1860ஆம் ஆண்டிலும் எழுந்தன. ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பார்த்தாலே ‘இரண்டாவது’ என்பது நிற்கவில்லை.

அப்படியானால் ‘ஐந்தாவது’ என்று மாற்றிவிடலாமே என்று ஒருவர் எண்ணக்கூடும். அங்கேதான் நல்ல தொண்டன் கையை நிறுத்துகின்றான். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் 1823ஆம் ஆண்டிலேயே ஒரு மருத்துவப் பள்ளியை நிறுவினர். கல்கத்தாவில் 1822ஆம் ஆண்டில் நாட்டு மொழிகளிலே கற்பித்த நிலையம் ஒன்று இருந்தது. பள்ளி என்று எதைக் கொள்வது, கல்லூரி என்று எதைக் கொள்வது, இடையில் நின்றுபோனதைக் கணக்கிலெடுப்பதா என்ற கேள்விகளுக்கு விடை காணாமல் வரிசை எண் கொடுப்பது, ஒரு பிழையை நீக்கி மற்றொன்றைப் புகுத்துவதாகும். ஆகவே வரிசை எண்ணை நீக்கிவிட்டு, தொடங்கிய ஆண்டை மட்டும் சான்றுடன் நிறுத்துகின்றனர். பெருமை சிறிது குறைந்தது போலத் தோன்றும். ஆனால் எஞ்சி நிற்பதை எவரும் அசைக்க முடியாது.

அதற்கு ஈடாகக் கட்டுரை பெறும் செல்வமும் உண்டு. லூஸ் அவர்கள் அதிபராவதற்கு முன்னர் வட மாகாணத்தில் அரசாங்க வைத்தியராக இருந்தவர். வன்னிப் பகுதியில் மக்கட்டொகை அருகி வந்ததன் காரணத்தை ஆராய்ந்து, பரங்கி நோயின் கொடுமையைக் குறித்து அறிக்கை எழுதியவர். நாட்டிலே பயிற்றப்பட்ட மருத்துவர் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றதற்கு அத்தகைய துயரமும் காரணமாக இருந்தது. வன்னிக் குடிசைகளில் நோயுற்றுக் கிடந்த ஏழைகளுக்கும் கொழும்பில் எழுந்த பள்ளிக்கும் உள்ள இத்தொடர்பை அறிந்தவன், ‘இரண்டாவது’ என்ற வெறும் எண்ணை இழந்ததற்காக வருந்தமாட்டான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. யாழ்ப்பாணத்தவர் ஒருவர் அப்பக்கத்தைத் திறந்து, இலங்கையின் முதல் மருத்துவப் பள்ளி கொழும்பில் தொடங்கியதன்று, மானிப்பாயில் தொடங்கியது என்று எழுதிவிட்டால் என்ன செய்வது? அவர் சொல்வது ஆதாரமற்ற பேச்சன்று. அமெரிக்க மிசனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, மறு ஆண்டே மானிப்பாயில் மாணவருக்கு மேனாட்டு மருத்துவத்தைக் கற்பிக்கத் தொடங்கினார். அது கொழும்புப் பள்ளிக்கு 22 ஆண்டுகள் முற்பட்டது. மற்றொருவரோ, அது மிசன் மருத்துவர் ஒருவர் நடத்திய வகுப்பேயன்றி அரசாங்கப் பள்ளியன்று என்று சொல்லி அதனை அழிப்பார். முன்னவர் மீண்டும் எழுதுவார். பின்னவர் மீண்டும் அழிப்பார். இத்தகைய பூசலைத் தடுக்கும்பொருட்டு, ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தை 24 மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் ஒருவர் பழைய நிலைக்குத் திருப்பலாகாது என்ற விதியே உண்டு. இருவரும் உரையாடற் பக்கத்துக்கு வந்து பேசினால், இரண்டு செய்திகளும் உண்மை என்பது விளங்கும். அரசாங்கத்தின் பள்ளி 1870இல் கொழும்பில் தொடங்கிற்று. அதற்கு முன் 1848இல் கிறீன் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். ‘முதல்’ என்ற சொல்லை விலக்கி, இரண்டையும் ஆண்டோடும் சான்றோடும் எழுதினால் இருவருக்கும் குறையில்லை. வாசிப்பவருக்கோ இரட்டை ஆதாயம்.

கிறீன் அவர்களின் பணியையே கூட்டு முயற்சிக்கு ஒரு முன்மாதிரியாகக் கொள்ளலாம். மருத்துவத்தைத் தமிழிலே கற்பிக்க வேண்டும் என்று அவர் துணிந்தபோது நூலும் இல்லை, சொல்லும் இல்லை. இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் 1860களிலும் 1870களிலும் அச்சேறின. அவை அவர் ஒருவரின் உழைப்பால் ஆனவை அல்ல. அவரிடம் பயின்ற தமிழ் மாணவர்கள் மொழிபெயர்த்தனர், ஆசிரியர் பார்வையிட்டார், சொற்கள் ஆராயப்பட்டன, கலைச்சொற் பட்டியல்களும் தொகுக்கப்பட்டன. ஒருவர் எழுத மற்றவர் திருத்தும் இவ்வொழுங்கு, கணினி தோன்றுவதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே யாழ்ப்பாண மண்ணில் நடைபெற்றதாகும்.

நடுநிலை என்ற விதி சோதனைக்குள்ளாகும் இடங்களும் உண்டு. 1980ஆம் ஆண்டில் தனியார் முயற்சியாக வட கொழும்பு மருத்துவக் கல்லூரி தோன்றியது. கல்வி விற்பனைப் பொருளாகலாகாது என்று மாணவர்கள் போராடினர். இடமின்றித் தவித்த திறமைசாலிகளுக்கு அது வாய்ப்பளித்தது என்று ஆதரவாளர் வாதிட்டனர். 1989ஆம் ஆண்டில் அரசாங்கம் அதனைப் பொறுப்பேற்றது. 1991ஆம் ஆண்டில் இராகமையில் களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் அமைந்தது. இவ்வரலாற்றை எழுதுவோருள் அன்று ஊர்வலம் சென்றவரும் இருக்கலாம். அக்கல்லூரியிற் பயின்றவரும் இருக்கலாம். களஞ்சியம் இவ்விருவரிடமும் வேண்டுவது ஒன்றே: தீர்ப்புக் கூறாதீர்கள், யார் என்ன வாதம் செய்தார் என்பதைச் சான்றுடன் சொல்லுங்கள், தீர்ப்பை வாசிப்பவரிடம் விட்டுவிடுங்கள். தம் கல்லூரியைப் பற்றித் தாமே எழுதுவோரும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். அங்கே ஊதியம் பெறுபவர், அத்தொடர்பை வெளிப்படையாகச் சொல்லி, தம் யோசனையை உரையாடற் பக்கத்தில் முன்வைத்தலே நன்னெறியாகும்.

இவ்விதிகளுள் நம் நாட்டவரின் மனத்தை மிகவும் உறுத்துவது சான்று பற்றிய விதியே. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1978ஆம் ஆண்டில் தொடங்கியது. போர்க்காலத்தில் மின்சாரமும் மருந்தும் அரிதான நாள்களில் கற்றோரும் கற்பித்தோரும் இன்னும் பலர் வாழ்கின்றனர். அவர்கள் வாயாற் சொல்லும் செய்தி பொன்போன்றது. ஆயினும் அது எங்கும் வெளியிடப்படாதவரையில் கலைக்களஞ்சியக் கட்டுரையில் இடம்பெறாது. வெளியிடப்பட்டவையும் அழிந்த கதை உண்டு. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. சான்று கேட்பது எளிது. சான்று எரிந்துபோன ஊரில் அதனைத் தேடுவது அரிது.

இதனை உணர்ந்த தொண்டர்கள் விதியைத் தளர்த்துமாறு கேட்பதில்லை. சான்றைப் பெருக்க முயல்கின்றனர். 2005ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், பாடசாலை மலர்கள் முதலியவற்றை மின்வருடி எவரும் வாசிக்கத் தந்து வருகின்றது. ஒருவர் வீட்டுப் பரணிலே கிடந்த ஆண்டு மலர் ஒன்று மின்வருடப்பட்டால், அதனைக் கொண்டு உலகின் மறுகோடியில் உள்ள இன்னொருவர் கட்டுரையில் ஒரு வரியை உறுதிப்படுத்துகின்றார். முதிய மருத்துவர் ஒருவர் தம் நினைவுகளை எழுதி அச்சிட்டால், அவர் அறியாமலே பத்துக் கட்டுரைகளுக்கு உதவியவராகின்றார்.

இத்தனை காவல் இருந்தும் கலைக்களஞ்சியத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதை மறத்தலாகாது. கட்டுரையில் ஒரு கல்லூரி இடம்பெற்றிருப்பது அதற்கு அங்கீகாரம் ஆகாது. உலக மருத்துவக் கல்லூரிகளின் விவரக்கொத்தில் பெயர் இருப்பதும் அங்கீகாரத்துக்கு அடையாளமன்று என்பதை அதனை நடத்துவோரே தெளிவாகக் கூறியிருக்கின்றனர். வெளிநாட்டிற் பட்டம் பெற்றவர் இலங்கையில் மருத்துவராகப் பதிவு பெறுவதற்கு இலங்கை மருத்துவ சபையின் ஏற்பும், அதற்குரிய பரீட்சையிற் சித்தியும் வேண்டும். ஆகவே முன்னர் சொன்ன குடும்பத்தார் கலைக்களஞ்சியத்தை வாசித்த பின்னர் சபையிடமே நேரிற் கேட்டுத் தெளிதல் வேண்டும். நல்ல கட்டுரை செய்யக்கூடியது யாதெனின், கேட்கவேண்டிய கேள்வி எது என்பதை அவர்களுக்குக் காட்டுவதேயாகும்.

நேயர்களே, பலர் கூடிச் செய்யும் வேலையில் ஒருவரின் பங்கு மிகச் சிறியதாகத் தோன்றும். ஒரு தேதியைச் சரிபார்த்தல், ஒரு புகழ்ச்சொல்லை நீக்குதல், மூடப்பட்ட கல்லூரியின் கட்டுரையில் ‘இருக்கின்றது’ என்பதை ‘இருந்தது’ என்று மாற்றுதல் ஆகிய இவற்றுக்குப் பாராட்டு விழா எதுவும் எடுக்கப்படுவதில்லை. தாம் ஒரு வாரம் உழைத்து எழுதிய பந்தியை முகமறியாத ஒருவர் பாதியாகக் குறைத்துவிட்டார் என்பதைக் காலையிற் கண்டு, சினத்தை அடக்கிக்கொண்டு, அவர் காட்டிய காரணத்தை வாசித்து, ‘நீங்கள் சொல்வது சரி’ என்று எழுதும் மனப்பான்மை எளிதில் வருவதன்று. வகுப்பறையில் ஆண்டுக்கணக்காகப் பயிற்றியும் கைகூடாத அப்பண்பு, இப்பணியிலே பலருக்குக் கைவருகின்றது.

படிப்பில் மூத்த மாணவர்களும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், மருத்துவத் துறையிற் கடமையாற்றி வீட்டில் இருக்கும் பெரியோரும் தத்தம் ஊரை அடுத்த மருத்துவ பீடத்தின் கட்டுரையை ஒருமுறை வாசித்துப் பார்த்தல் நன்று. பிழை கண்டால் முகஞ்சுளித்து மூடிவிடாமல், சான்றோடு ஒரு வரியையேனும் திருத்துதல் நன்று. அந்த ஒரு வரியை எங்கோ ஒரு வீட்டில், நள்ளிரவில், தன் எதிர்காலத்தைக் கையிற் பிடித்துக்கொண்டு ஒரு பெண் வாசித்துக்கொண்டிருக்கக்கூடும்.